பெடல் ஆடுது... எங்கே ஆடுது?

(இறுதியாண்டு மாணவன், இயந்திரவியல் துறை)

நாம் வரைந்து முடித்த மெஷின் டிராயிங் ஷீட்டுகளை ஒரு தரம் மனதுக்குள் புரட்டிப் பாருங்கள். காட்டர் ஜாயின்ட் என்று ஒன்று இருக்கும். அதற்கு முன்னாலோ பின்னாலோ நக்கிள் ஜாயின்ட் என்று இன்னொன்று. ஹாச்சிங் கோடு சரியில்லை என்று திரும்பி வந்து, இரவெல்லாம் விழித்து மறுபடி வரைந்து, கையெழுத்து வாங்கிய மறு நிமிடமே சுருட்டி மூலையில் போட்ட ஷீட்டுகள்!

அந்த இரண்டு ஜாயின்ட்டும் பரீட்சைக்கு மட்டும் பிறந்தவை அல்ல. காட்டர் ஜாயின்ட்டின் தம்பி ஒருவன் நம் சைக்கிள் கிராங்கில் உட்கார்ந்து, தினமும் நம்மைக் காலேஜுக்குக் கொண்டுவந்து சேர்க்கிறான். நக்கிள் ஜாயின்ட்டின் தம்பி, இப்போது புதிதாக வந்திருக்கும் ஒற்றைச் சக்கர மின்வண்டியின் பெடலைத் தாங்கி நிற்கிறான். இரண்டு பேருக்கும் ஒரே வியாதி: தேய்மானம். இரண்டு பேருக்கும் ஒரே வைத்தியம்: ஆட்டம் எங்கே என்று முதலில் கண்டுபிடிப்பது, பிறகு தேய்ந்த சின்னப் பாகத்தைக் காலத்தில் மாற்றுவது.

இதைத்தான் இந்தக் கட்டுரையில் விளக்கப் போகிறேன். "பெடல் ஆடினால் பெடலை மாற்றிவிட்டுப் போவது, இதில் என்ன இருக்கிறது?" என்று கேட்கிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள். பெடல் ஆடுகிறது என்று நாம் சொல்லும் பத்துக் கேஸில், குற்றவாளி பல நேரம் பெடலே இல்லை.

யாருக்கு இது வேண்டும்?

நம் திருவண்ணாமலையில் சைக்கிள் இன்னும் ஓய்வு பெறவில்லை. செங்கம் ரோடு, போளூர் ரோடு, வேட்டவலம் ரோடு, தண்டராம்பட்டு ரோடு என்று எந்தச் சாலையில் காலை எட்டு மணிக்கு நின்றாலும் பள்ளிப் பிள்ளைகளின் சைக்கிள் வரும். ரமணாஸ்ரமம் பக்கம் போனால் வெளிநாட்டிலிருந்து வந்தவர்களும் சைக்கிளில்தான் சுற்றுகிறார்கள். சுமார் 14 கி.மீ. கிரிவலப் பாதையை விடியற்காலையில் சைக்கிளில் சுற்றி வருபவர்களும் உண்டு. மணிக்கணக்கில் வாடகைக்குக் கொடுத்த கடைகள் இன்று அபூர்வமாகிவிட்டன. ஆனால் சைக்கிள் நம் வீடுகளை விட்டுப் போகவில்லை.

அதற்கு ஒரு முக்கியக் காரணம் அரசின் விலையில்லா மிதிவண்டித் திட்டம். முதலில் 2001-02இல் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவிகளுக்கு என்று தொடங்கி, பிறகு 2005-06இல் அரசு மற்றும் அரசு உதவி பெறும் பள்ளிகளில் பதினோராம் வகுப்புப் படிக்கும் மாணவ மாணவியர் எல்லோருக்கும் என்று விரிந்த திட்டம் அது. பிளஸ் டூ முடித்துவிட்டு நேரே இரண்டாம் ஆண்டில் வந்து சேர்ந்த நம் நண்பர்கள் பலரிடம் அந்தச் சைக்கிள் இருக்கும். நம்மிடம் இல்லாவிட்டால் தங்கையிடம் இருக்கும்.

கொடுத்த சைக்கிள் முதல் ஒரு வருடம் நன்றாக ஓடும். அப்புறம் "கடக்... கடக்..." என்று ஒரு சத்தம் வரும். சத்தத்தோடேயே ஆறு மாதம் ஓட்டுவோம். கடைசியில் ஒருநாள் ஏற்றத்தில் எழுந்து நின்று மிதிக்கும்போது கால் சட்டென்று வழுக்கும். பக்கத்தில் பஸ் வந்தால்? எழுந்து நின்று மிதிப்பவனின் முழு உடம்பும் அந்த ஒரு பெடலின் மேல்தான் இருக்கிறது. பிரேக் பிடிக்கவில்லை என்றால் பயப்படுகிறோம். பெடல் ஆடினால் மட்டும் ஏன் பயப்படுவதில்லை?

காலடியில் எவ்வளவு பாரம்?

நாம் டிப்ளமோக்காரர்கள். ஒரு கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம்.

ஓட்டுபவர் எடை 60 கிலோ. கிராங்கின் நீளம் 170 மி.மீ. கிராங்க் தரைக்கு இணையாக இருக்கும்போது ஒரே பெடலில் ஏறி நிற்கிறார். விசை 60 × 9.81 = 589 நியூட்டன். இதை 0.17 மீட்டரால் பெருக்கினால் முறுக்கு விசை சுமார் 100 நியூட்டன் மீட்டர். சரி, இந்த முறுக்கு எங்கே போகிறது? இடது கிராங்கிலிருந்து நடு அச்சுக்கு ஒரு சின்னக் காட்டர் பின் வழியாகப் போகிறது. நடு அச்சின் விட்டம் சுமார் 16 மி.மீ., அதாவது ஆரம் 8 மி.மீ. 100ஐ 0.008ஆல் வகுத்துப் பாருங்கள்: 12,500 நியூட்டன்! தோராயக் கணக்குதான். ஆனாலும் ஒன்றேகால் டன்! சுண்டுவிரல் பருமன்கூட இல்லாத ஒரு பின் மீது!

இன்னொரு வேடிக்கையையும் பாருங்கள். செயின் வீல் வலது கிராங்கோடு சேர்ந்தே இருக்கிறது. ஆகவே வலது கால் மிதிக்கும் விசை கிராங்கிலிருந்து நேரே செயினுக்குப் போய்விடும். அதற்குக் காட்டரின் தயவு வேண்டியதில்லை. இடது கால் மிதிப்பதோ இடது காட்டர், நடு அச்சு, வலது காட்டர் என்று இரண்டு காட்டரையும் தாண்டித்தான் செயினுக்கு வர வேண்டும். வேகத்தடையில் நாம் மிதிக்காமல் இரண்டு பெடலிலும் எழுந்து நிற்கும்போது, இடது கால் பின்னால் இருந்தால் அதே காட்டரில் விசை எதிர்த் திசையில் விழும். முன்னும் பின்னும் மாறி மாறி விழும் இந்த அடிதான் காட்டரைத் தளர வைக்கிறது. "கடக்" என்பது அந்த அடியின் சத்தம்.

ஐந்து இடம், ஐந்து சோதனை

"அண்ணே, பெடல் ஆடுது" என்று கடையில் போய்ச் சொன்னால், நல்ல மெக்கானிக் உடனே ஸ்பேனரை எடுக்க மாட்டார். "எந்தப் பக்கம் தம்பி? மிதிக்கும்போதா, சும்மாவா?" என்று கேட்பார். கையால் அசைத்துப் பார்ப்பார். அவர் தேடுவது இந்த ஐந்து இடங்களில் ஒன்றை:

1. பெடலுக்குள்: கிராங்கை ஒரு கையால் அசையாமல் பிடித்து, பெடல் கட்டையை மட்டும் மேலும் கீழும் ஆட்டுங்கள். கட்டை மட்டும் ஆடி, அச்சு அசையாமல் இருந்தால் உள்ளே கோன் லூஸ், அல்லது பால்ரஸ் குண்டு தேய்ந்துவிட்டது.

2. பெடல் அச்சு: பெடலை விரலால் சுண்டிச் சுழல விடுங்கள். கட்டை ஒரு பக்கம் ஏறி ஒரு பக்கம் இறங்கிக் கோணலாகச் சுற்றினால் அச்சு வளைந்திருக்கிறது. சைக்கிள் கீழே விழுந்ததன் பரிசு இது.

3. மரை: பெடல் அச்சு கிராங்கில் ஏறும் இடத்தைக் கூர்ந்து பாருங்கள். கட்டையை ஆட்டும்போது அச்சே கிராங்கின் துளைக்குள் அசைந்தால் மரை தளர்ந்திருக்கிறது. இதைக் கண்டால் அன்றே நிறுத்துங்கள்.

4. காட்டர்: வலது கிராங்கை ஒருவர் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளட்டும். இடது கிராங்கை நீங்கள் சுற்றும் திசையில் முன்னும் பின்னும் தள்ளுங்கள். வலது அசையாமல் இடது மட்டும் சிறிது நகர்ந்தால் காட்டர் லூஸ். எந்தக் காட்டர் என்பது, கிராங்கும் அச்சும் சேரும் இடத்தில் விரலை வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

5. நடு அச்சின் கப்: இடது கிராங்கைப் பிரேமை நோக்கி உள்ளேயும் வெளியேயும் தள்ளுங்கள். இரண்டு கிராங்கும் சேர்ந்தே ஆடினால் காட்டர் நிரபராதி. கப்பும் குண்டும்தான் காரணம்.

சத்தத்தை வைத்தும் ஒரு துப்பு உண்டு. பெடல் ஒரு சுற்று வரும்போது ஒரு தடவை சரியாக "கடக்" என்றால் பெடலையும் காட்டரையும் சந்தேகப்படுங்கள். இரண்டு சுற்றுக்கு மேல் போய் ஒரு தடவை சத்தம் வந்தால் அது பெரும்பாலும் செயினில் இறுகிப்போன ஒரு கண்ணி. ஏனென்றால் செயினில் இருக்கும் கண்ணிகள், செயின் வீலின் பற்களைவிட இரண்டு மடங்குக்கு மேல்.

காட்டர் மாற்றும் முறை

முதலில் உங்கள் சைக்கிளில் காட்டர் இருக்கிறதா என்று பாருங்கள். கிராங்கின் குறுக்கே ஒரு பின் நுழைந்து, ஒரு முனையில் சின்ன நட் தெரிந்தால் அது காட்டர் வகை. அப்படி இல்லாமல் நடு அச்சின் முனையில் போல்ட்டோ மூடியோ இருந்தால், சதுர முனை அச்சின் மேல் கிராங்க் ஏறி உட்காரும் வகை. அதற்குக் காட்டர் கிடையாது.

காட்டர் பின் ஒரு பக்கம் சாய்வாகத் தட்டையாக்கப்பட்ட ஆப்பு. பிரிட்டிஷ் அளவு சைக்கிள்களில் அதன் விட்டம் 9.5 மி.மீ.; ஐரோப்பிய அளவில் 9 மி.மீ. தட்டைப் பக்கம் நடு அச்சில் வெட்டியிருக்கும் பள்ளத்தில் அழுந்தி உட்காரும். அச்சு கடினப்படுத்திய எஃகு. காட்டரோ மிருதுவான மைல்டு ஸ்டீல். வேண்டுமென்றேதான் அப்படி வைத்தார்கள். தேய வேண்டியது காட்டர். பிழைக்க வேண்டியது அச்சும் கிராங்கும். இந்த ஏற்பாட்டைப் புரிந்துகொண்டால் பாதி ரிப்பேர் முடிந்தது.

கழற்றும்போது நட்டை முழுவதும் எடுத்துவிட்டு அடிக்காதீர்கள். நட்டின் மேல் விளிம்பும் பின்னின் முனையும் சமமாக வரும்வரை தளர்த்தி நிறுத்துங்கள். அப்போது அடி மரையின் மேல் மட்டும் விழாமல் நட்டின் மேலும் பரவும், மரை நசுங்காது. கிராங்கின் அடியில், காட்டரின் தலைக்கு நேராக, ஒரு கனமான பைப் துண்டைத் தரையிலிருந்து முட்டுக் கொடுங்கள். பைப்பின் துளைக்குள் காட்டர் இறங்க வேண்டும். முட்டுக் கொடுக்காமல் அடித்தால் ஒவ்வொரு அடியும் நடு அச்சின் குண்டுகள் வழியாகக் கப்பில் போய் விழும். காட்டர் கழன்றுவிடும், கப்பில் பள்ளம் விழுந்துவிடும்! ஒரே நேரான, பலமான அடி நல்லது. தயங்கித் தயங்கி அடிக்கும் பத்து அடி பின்னை வளைத்துவிடும். வளைந்துவிட்டால் டிரில் போட்டுத்தான் எடுக்க வேண்டும்.

புதுக் காட்டரை வாங்கும்போது பழையதைக் கையோடு எடுத்துப் போய் விட்டத்தையும் சாய்வையும் ஒத்துப் பாருங்கள். நம் பிட்டிங் லேபில் கற்றது இங்கேதான் கைகொடுக்கும். தட்டைப் பக்கத்தில் மெல்ல மை பூசி, உள்ளே தள்ளி, வெளியே எடுத்துப் பாருங்கள். மை அழிந்த இடம்தான் அச்சைத் தொடும் இடம். ஒரு ஓரம் மட்டும் அழிந்திருந்தால் வழவழப்பான அரத்தால் அந்த ஓரத்தை லேசாகத் தேய்த்து, முழுத் தட்டையும் தொடும்படி செய்யுங்கள். ஓரம் மட்டும் தொடும் காட்டர் இரண்டே வாரத்தில் நசுங்கி மறுபடி ஆடும். புதுக் காட்டர் போட்டும் சத்தம் போகவில்லை என்று புலம்புபவர்கள் பல பேரின் கதை இதுதான்.

இரண்டு காட்டரையும் ஒன்றுக்கொன்று எதிர்த் திசையில் நுழைக்க வேண்டும். அதாவது வலது கிராங்க் முன்னால் இருக்கும்போது அதன் நட் கீழே பார்த்தால், அரைச் சுற்று சுற்றி இடது கிராங்க் முன்னால் வரும்போது அதன் நட்டும் கீழே பார்க்க வேண்டும். மாற்றிப் போட்டால் இரண்டு கிராங்கும் ஒரே நேர்கோட்டில் வராது. ஒரு கால் முன்னே போக, மறு கால் தாமதமாக வரும். முழங்கால் வலிதான் மிச்சம்.

இனி முக்கியமான விஷயம். காட்டரை உள்ளே இழுப்பது நட்டின் வேலை இல்லை. அந்தச் சின்ன மரையால் அது முடியாது. இறுக்கினால் மரை போய்விடும். மறுபடி முட்டுக் கொடுத்து, சுத்தியலால் அடித்தோ அழுத்தும் கருவியால் அழுத்தியோ காட்டரை உட்கார வைத்த பிறகு, வெளியே வராமல் காவல் இருக்கத்தான் நட். மாட்டிய பின் பத்துப் பதினைந்து கி.மீ. ஓட்டுங்கள். ஒரு கிரிவலச் சுற்று போதும்! திரும்பி வந்து மறுபடி ஒரு அடி, நட்டுக்கு ஒரு திருகு. இந்த இரண்டாவது இறுக்கத்தைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறோம்.

காட்டரை மாற்றாமலே ஓட்டினால் என்ன ஆகும்? கிராங்கின் துளை முட்டை வடிவமாகும். அச்சின் பள்ளத்து விளிம்பு மழுங்கும். அப்புறம் புதுக் காட்டர் போட்டாலும் நிற்காது. கிராங்க், அச்சு இரண்டும் மாற்ற வேண்டும். வலது பக்கம் என்றால் செயின் வீலும் சேர்த்து. சில ரூபாய்ச் சாமான் மிச்சம் பிடித்த கதை பெரிய செலவில் முடியும்.

இடது மரை, வலது மரை

"மரை கழன்ற கேஸ்" என்று நாம் கேலி செய்வோம். பெடல் விஷயத்தில் அது கேலி இல்லை, ஆபத்து. வலது பெடலுக்குச் சாதாரண வலது மரை. இடது பெடலுக்கு இடது மரை. பெரும்பாலான பெரிய சைக்கிள்களில் அளவு 9/16 அங்குலம், ஓர் அங்குலத்துக்கு 20 மரை. அச்சின் முனையில் எல், ஆர் என்ற ஆங்கில எழுத்துகள் பொறித்திருக்கும்.

ஏன் இடது பக்கம் மட்டும் தலைகீழ்? கிராங்கின் மேல் நாம் உட்கார்ந்திருப்பதாகக் கற்பனை செய்யுங்கள். கால் எப்போதும் கீழ்நோக்கியே அழுத்துகிறது, கிராங்க்தான் சுற்றுகிறது. கிராங்கில் உட்கார்ந்து பார்த்தால், அந்த அழுத்தம் அச்சைச் சுற்றி வலம் வருவதுபோல் தெரியும். அச்சுக்கும் துளைக்கும் நடுவே மயிரிழை இடைவெளி இருந்தாலும் போதும். அச்சு துளையின் உள்சுவரில் உருண்டு உருண்டு, அழுத்தம் நகரும் திசைக்கு எதிர்த் திசையில் மெல்லத் திரும்பும். வலது பக்கத்தில் அது கடிகார முள் திசை. இடது பக்கத்தில் எதிர்த் திசை. அந்தத் திசையில் இறுகும்படி மரையை வெட்டிவிட்டால், ஓட்ட ஓட்டப் பெடல் தானே இறுகும். 1900ஆம் ஆண்டில், பிற்காலத்தில் விமானம் பறக்கவிட்ட ரைட் சகோதரர்கள், டேட்டன் நகரில் தாங்கள் நடத்திய சைக்கிள் கடையில் "கழன்று விழாத பெடல்" என்று இதைத்தான் விளம்பரம் செய்தார்கள்.

இதில் ஒரு சங்கதி. பெடலின் உள்ளே குண்டுகள் காய்ந்து இறுகிப்போய், பெடல் சுழலாமல் அச்சைப் பற்றிக்கொண்டால், அந்த உராய்வு அச்சைக் கழற்றும் திசையில் இழுக்கும். ஆகவே சுழலாத பெடல் தன்னைத்தானே கழற்றிக்கொள்ளக் கூடும். ஒரு பிடி கிரீஸ் போடாததன் விலை!

கழற்றவும் மாட்டவும் ஒரு சுலப வாய்ப்பாடு: ஸ்பேனரின் பிடியைப் பெடல் அச்சுக்கு மேலே நிமிர்த்தி வையுங்கள். இரண்டு பக்கமும், முன் சக்கரத்தை நோக்கித் தள்ளினால் இறுகும்; பின் சக்கரத்தை நோக்கி இழுத்தால் கழலும். முன்னே இறுக்கம், பின்னே தளர்வு. இதை மறந்துவிட்டு இடது பெடலை வழக்கம்போல் திருகி இன்னும் இறுக்கிவிட்டு, "வரவே மாட்டேங்குது" என்று பைப் போட்டு நெம்புபவர்கள் உண்டு.

மாட்டும்போது முதல் நாலைந்து சுற்றை விரலாலேயே திருகுங்கள். விரலால் போகவில்லை என்றால் மரை கோணலாகப் பிடித்திருக்கிறது. ஸ்பேனர் போட்டு வற்புறுத்தினால் கிராங்கின் மரை போச்சு. அலுமினியக் கிராங்காக இருந்தால் இன்னும் சீக்கிரம் போகும். மரைக்குக் கொஞ்சம் கிரீஸ் தடவ மறக்காதீர்கள்.

மரை கொஞ்சம் கெட்டிருந்தால் அதே அளவு டேப் ஓட்டிச் சுத்தம் செய்யலாம். இடது கிராங்குக்கு இடது மரை டேப் வேண்டும். முழுவதும் போயிருந்தால் துளையைப் பெரிதாக்கி, உள்ளும் வெளியும் மரை வெட்டிய புஷ் ஏற்றலாம். ஆனால் இடது கிராங்க் தனியாகக் கிடைக்கும் சாமான்; அதை மாற்றிவிடுவதே உத்தமம். பெடலைக் கிராங்கோடு சேர்த்து வெல்டிங் வைத்துவிடும் வைத்தியம் மட்டும் வேண்டாம். அடுத்த முறை கோன் பார்க்க எதைக் கழற்றுவீர்கள்?

பெடலுக்குள்ளே

வெளி முனை மூடியைக் கழற்றினால் உள்ளே லாக் நட், வாஷர், கோன் வரிசையாக இருக்கும். அடியில் ஒரு பழைய துணியை விரித்துக்கொண்டு கழற்றுங்கள். குண்டுகள் சிதறி ஓடும். இரண்டு பக்கமும் எத்தனை குண்டு என்று எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். பெடலில் வருவது பெரும்பாலும் 5/32 அங்குலக் குண்டு. யூகிக்க வேண்டாம், வெர்னியரில் ஒன்றை அளந்து பாருங்கள்.

மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்து, கோனின் ஓடுபாதையை வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். பளபளவென்று ஒரே கோடாக இருந்தால் நல்லது. அம்மைத் தழும்புபோல் புள்ளி விழுந்திருந்தால் கோனை மாற்ற வேண்டும். குண்டில் ஒன்று தேய்ந்தாலும் எல்லாவற்றையும் மாற்றுங்கள். பழையதோடு ஒரே ஒரு புதுக் குண்டைச் சேர்த்தால், பெரியவன் அவன் ஒருவன்தான். மொத்தப் பாரமும் அவன் தலையில் விழும்.

புது கிரீஸை அப்பி அதில் குண்டுகளைப் பதித்து, கோனை விரலால் முழுவதும் இறுக்கி, பிறகு சிறிதளவு பின்னால் திருப்பி, லாக் நட்டால் பூட்டுங்கள். பெடல் தடையில்லாமல் சுழல வேண்டும். ஆட்டியும் பார்த்தால் ஆட்டம் இருக்கக் கூடாது. லாக் நட் இறுக்கும்போது கோனும் கூடவே கொஞ்சம் திரும்பும் என்பதால் இரண்டு மூன்று முறை முயன்றுதான் சரியான இடம் கிடைக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் சேறும் தண்ணீரும் புகுந்து கிரீஸைக் கழுவிவிடும். மழைக்காலம் முடிந்ததும் இந்த வேலையைச் செய்வது நல்லது.

ஒற்றைச் சக்கரத்துக்கு வருவோம்

மின்சார ஒற்றைச் சக்கர வண்டியை வீடியோக்களில் பார்த்திருப்பீர்கள். ஒரே சக்கரம், அதற்குள்ளேயே மோட்டார், இரு பக்கமும் இரண்டு கால்பலகை. சீட்டும் இல்லை, ஹாண்டில்பாரும் இல்லை. முன்னே சாய்ந்தால் ஓடும், பின்னே சாய்ந்தால் வேகம் குறையும். சாய்வை கைரோ சென்சார் அறிந்து மோட்டாருக்குச் சொல்கிறது. நம் தெருவில் அதை நாம் இன்னும் தினசரி பார்ப்பதில்லை. ஆனால் ரிப்பேருக்கு வரும்போது அதைப் பார்க்கப் போகிறவர்கள் நம்மைப் போன்றவர்கள்தானே?

அதிலும் பெடல் என்றுதான் சொல்கிறார்கள். ஆனால் அது சுற்றாது, மடங்கும். பக்கத்தில் இருக்கும் தாங்கியின் இரண்டு காதுகளுக்கு நடுவே பெடலின் அடிப்பகுதி நுழைந்து, குறுக்கே ஒரு எஃகுப் பின். சாட்சாத் நக்கிள் ஜாயின்ட்! நிறுத்தும்போது மேலே மடக்கி வைப்பார்கள்; காந்தமோ ஸ்பிரிங்கோ அதைப் பிடித்துக்கொள்ளும்.

இங்கேயும் ஒரு கணக்கு. ஓட்டுபவர் 70 கிலோ என்றால் ஒரு காலுக்கு 35 கிலோ. பாதத்தின் நடு, பின்னிலிருந்து 10 செ.மீ. தள்ளி இருப்பதாக வைத்துக்கொண்டால் திருப்பு விசை சுமார் 34 நியூட்டன் மீட்டர். பெடல் கீழே விழாமல் தடுக்கும் முட்டுப்பகுதி பின்னிலிருந்து 2 செ.மீ. தூரத்தில் இருந்தால், அதன் மேல் விழும் விசை சுமார் 1,700 நியூட்டன், அதாவது 175 கிலோ. குழியில் இறங்கினால் இன்னும் பல மடங்கு. பின் எஃகு, பெடல் பெரும்பாலும் அலுமினியக் கலவை. தேய்வது அலுமினியத் துளையும் முட்டு முகமும்தான். அதனால் பெடல் வெளிப்பக்கம் தொங்கும், கடகடக்கும். பாதத்தால் வண்டிக்குக் கட்டளை இடும் ஒருவருக்கு அந்தக் கடகடப்பு, ஸ்டியரிங் ஆடுவதற்குச் சமம்.

சோதனை முறை மாறவில்லை. வண்டியை அணைத்து, சாய்த்து வைத்து, பெடலை மூன்று திசையில் ஆட்டுங்கள். மேலும் கீழும் ஆடினால் துளையோ முட்டு முகமோ தேய்ந்திருக்கிறது. பின் வழியே முன்னும் பின்னும் நகர்ந்தால் பக்க இடைவெளி அதிகம். தகுந்த கனத்தில் வாஷர் போட்டால் தீரும். தாங்கியோடு சேர்ந்தே ஆடினால் தாங்கியின் போல்ட்டுகள் தளர்ந்திருக்கின்றன. பெடலைத் தொடவே வேண்டாம்.

பின்னைப் பூட்டும் சின்னத் திருகை எடுத்துவிட்டு, பித்தளைக் கம்பியால் தட்டிப் பின்னை வெளியே எடுத்து வெர்னியரில் மூன்று இடத்தில் அளங்கள். நடுவில் மட்டும் மெலிந்திருந்தால் பின்னை மாற்றினால் போதும். துளை அகன்றிருந்தால் ரீமர் ஓட்டி வட்டமாக்கி, வெண்கலப் புஷ் அழுத்தி ஏற்றி, உள் விட்டத்தைப் பின்னுக்குச் சரியாக ரீம் செய்ய வேண்டும். இனித் தேய்வது புஷ், பிழைப்பது பெடல். காட்டரில் படித்த அதே பாடம்! முட்டு முகம் தேய்ந்திருந்தால் மெல்லிய ஸ்டெயின்லெஸ் தகடு வைத்துக் கோணத்தை மீட்கலாம். ஆனால் இரண்டு பெடலும் ஒரே கோணத்தில் இருக்க வேண்டும். சின்னத் திருகை மாட்டும்போது மரைப் பசை போடுங்கள், அதிர்வில் கழன்றுவிடும்.

ஒன்றை மட்டும் மன்னிக்கக் கூடாது. பின் துளையைச் சுற்றி மயிரிழை விரிசல் தெரிந்தால் அந்தப் பெடல் முடிந்தது. வெல்டிங் வைத்தால் வெப்பத்தில் அந்த இடத்தின் பலம் குறைந்துவிடும். புதுசு வாங்கிப் போடுவதுதான் வழி.

பேரவைக்கு ஒரு வேண்டுகோள்

ஆயுத பூஜை அன்று நாம் எல்லோரும் சைக்கிளைக் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, ஹாண்டில்பாரில் மாலை போடுகிறோம். அதற்கு முந்திய நாள் மாலை இரண்டு மணி நேரம் நம் பேரவை சார்பில் சைக்கிள் ஸ்டாண்டிலேயே ஒரு பெடல் முகாம் நடத்தினால் என்ன? பெரிய செலவு இல்லை. ஒரு பெஞ்ச் வைஸ், ஒரு சுத்தியல், முட்டுக்கு ஒரு பைப் துண்டு, ஒரு வழவழப்பு அரம், பெடலுக்கான 15 மி.மீ. ஸ்பேனர், ஒரு வெர்னியர், ஒரு டப்பா கிரீஸ், கொஞ்சம் மண்ணெண்ணெய், ஒரு டஜன் காட்டர் பின். நம் ஊர்ச் சைக்கிள் கடை அண்ணன் ஒருவரை அழைத்து, அவர் கையால் ஒரு காட்டர் எப்படி உட்காருகிறது என்று முதலாண்டு மாணவர்களுக்குக் காட்டச் சொல்லலாம். அவரிடம் இருப்பது முப்பது வருடப் பாடம். நம்மிடம் இருப்பது அதற்கான கணக்கு. இரண்டும் ஒரே இடத்தில் சந்திக்கட்டும்.

முகாம் நடக்கும்வரை காத்திருக்க வேண்டாம். இன்று மாலை ஸ்டாண்டிலிருந்து சைக்கிளை எடுக்கும்போது, ஏறுவதற்கு முன் இடது கிராங்கை ஒரு தரம் ஆட்டிப் பாருங்கள்.